உருகிய ஈயச்சொம்பின் வழக்கு

இந்தக் கதையில் திருடன் கிடையாது. இருந்திருந்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். கடைசிப் பத்தியை முதலில் எட்டிப் பார்க்கிற ஆசாமிகள் இந்த ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கும்பகோணத்தில் கோமளவல்லி என்றொருத்தி இணையத்தில் பாத்திரக் கடை நடத்திவந்தாள். வெண்கலப் பானை, குத்துவிளக்கு, ஈயச்சொம்பு என்று கடல் கடந்தும் அனுப்புவாள். அவள் வீடும், பெட்டி கட்டும் லூர்துமேரி வீடும் அந்தக் கடையில்தான் சாப்பிட்டன. வெளிநாட்டுப் பணம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் வழியாக வரும். அந்த நிறுவனத்தில் ஒரு சட்டம்: வருடத்தில் மூன்று புகாரில் தோற்ற கடையின் கணக்கை மூடிவிடுவார்கள். கோமளவல்லி ஏற்கெனவே இரண்டில் தோற்றிருந்தாள். ஒன்று சுங்கத்தில் சிக்கித் திரும்பிய விளக்கு, மற்றது கப்பலில் நசுங்கிய பானை. இரண்டிலும் அவள்மேல் தப்பில்லை, யார் கேட்கிறார்கள்?

ஈயச்சொம்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ரசம் வைக்கிற பாத்திரம். காலியாக அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீ. தாளிப்பதெல்லாம் வேறு கரண்டியில். தஞ்சாவூர்ப் பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் கோமளவல்லிக்கும் கடைப்பக்கத்தில் எழுதத் தோன்றவில்லை. பெட்டிக்குள் மட்டும் ஒரு மஞ்சள் சீட்டில் அச்சடித்துப் போடுவாள்.

ஆஸ்லோவிலிருந்து துவாரகா ஒரு சொம்பு வாங்கினாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் அவள் பிறந்ததே ஆஸ்லோவில்தான். கணவன் மாயவரத்துக்காரன். அவன் பிறந்தநாளுக்கு அவன் ஊர் ரசம் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. பெட்டி வந்த அன்றே சொம்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: "அக்கா, சொம்பு வந்து சேர்ந்திட்டுது. நல்ல வடிவா இருக்கு."

மறுநாள் தாளிப்பதற்காகக் காலிச் சொம்பை அடுப்பில் வைத்தாள். கடுகு டப்பாவை எடுத்துத் திரும்புவதற்குள் அடி ஒழுகிவிட்டது. ஏதோ மட்டமான உலோகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவளுக்கு அழுகையே வந்தது. பணம் கட்டிய அந்த நிறுவனத்தில் தனக்கிருந்த கணக்கில் நுழைந்து, நேரே புகார்ப் படிவத்தைத் திறந்தாள். அதில் இரண்டே கட்டம்: பொருள் வரவில்லை, பழுதாக வந்தது. விளக்கம் எழுத இடம் இல்லை. இரண்டாவதைத் தொட்டு, உருகிய ஈயத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

கோமளவல்லிக்கு நோட்டீஸ் வந்தது. ஏழு நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் புகார் செய்தவரே விலக்கிக்கொண்டால் யாருக்கும் தோல்வி இல்லை.

லூர்துமேரி முகம் வெளிறி வந்து நின்றாள். "அக்கா, தப்பு என்னோடது. அன்னிக்கு மஞ்சள் சீட்டு தீர்ந்துபோச்சு. பார்சல் வண்டிக்காரன் வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். சீட்டு இல்லாமலே ஒட்டிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லி, புகாரை விலக்கிக்கச் சொல்லிக் கேப்போமா?"

"கேக்கலாம் மேரி. நாம எழுதினதையே அவ சாட்சியா அங்க நீட்டிட்டா? நீயும் நானும் கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

துவாரகா அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படத்தை மட்டும் கோமளவல்லி நிறுவனத்துக்கு அனுப்பினாள். சொம்பு முழுசாக வந்தது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றே நாளில் அவள் பக்கம் தீர்ப்பு. உடனே புதிய சொம்பு ஒன்றைத் தன் செலவில் அனுப்பத் தயார் செய்து, சீட்டு விட்டுப்போன விஷயத்தையும் துவாரகாவுக்கு ஒளிக்காமல் எழுதினாள்.

பதில் வந்தது. "அக்கா, இதை முதலே சொல்லியிருந்தீங்களெண்டா அண்டைக்கே புகாரை விலக்கியிருப்பன். இப்ப என்னைப் பொய்ப் புகார் குடுத்தவள் எண்டு எழுதி என்ர கணக்கை மூடிட்டினம். புதுச் சொம்பு எனக்கு வேண்டாம். நடந்ததை அவையளுக்கு எழுதிச் சொல்லுங்கோ, அது போதும்."

எழுதினால் வழக்கு மறுபடி திறக்கும். எச்சரிக்கைச் சீட்டு இல்லாமல் அனுப்பியதை ஒப்புக்கொண்டால் மூன்றாவது தோல்வி நிச்சயம். முன்பு உண்மையைச் சொல்லலாம் என்ற லூர்துமேரியே இப்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. அன்னிக்குச் சொல்லியிருந்தா தப்பிக்க வழி இருந்துச்சு. இப்ப சொன்னா கடை போயிடும். என் பிள்ளைங்க படிப்பு இருக்கு."

கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறாள் கோமளவல்லி. சொல்லுங்கள்: அவள் அதை அனுப்புவது சரியா, அனுப்பாமல் விடுவது சரியா?

*

விடை: அனுப்புவதுதான் சரி. படத்தைக் காட்டியதில் குற்றமில்லை. பழுதாக வந்ததா என்று கேட்டார்கள், இல்லை என்று காட்டினாள். ஆனால் தீர்ப்பு அதோடு நிற்காமல் துவாரகாவைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. அது தப்பு என்று தெரிந்த கடைக்காரி வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தப் பெண்ணின் கெட்ட பெயரில் கடை நடத்துகிறாள் என்றுதான் அர்த்தம். அவள் தயங்கியது எனக்குப் புரிகிறது. தயங்காமல் அனுப்பியிருப்பேன் என்று நான் பீற்றிக்கொள்ளவும் மாட்டேன். கோமளவல்லி அன்று மாலையே கடிதத்தை அனுப்பினாள். துவாரகாவின் கணக்கைத் திறந்தார்கள், கடையின் கணக்கை மூடினார்கள். லூர்துமேரி இப்போது வேறொரு கடையில் பெட்டி கட்டுகிறாள். கோமளவல்லி எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.