ஏழு வாசல் நகரம்

“இன்னும் எத்தனை நாளைக்குக் கதையாவே சொல்லிட்டு இருப்பீங்க, அம்மா? ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்.”

மருதையன் இதைப் பலமுறை கேட்டுவிட்டான்.

காட்டுக்குள் புதைந்து கிடக்கும் ஏழு வாசல் நகரத்தைப் பற்றிச் செங்கமலத்தம்மை பேசாத நாளில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆசை ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டும். ஏழாவதைத் தாண்டினால் ஆளில்லாத சிம்மாசனம். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் ஜவுளிக்கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவருக்குச் சீடனானான்.

அன்று அம்மை சட்டென்று எழுந்தார்.

“வா, போகலாம்.”

“இப்பவா?”

“பின்னே?”

மலையடிவாரத்தில் கடைசிக் குடியிருப்பு. அங்கே ஒரு பெண் கிழங்கு சுட்டுக் கொடுத்தாள். வழியும் சொன்னாள்.

“ஆத்தோரமாவே ஏறுங்க. மேல இருக்கறது எங்க முன்னோருங்க ஊரு. உள்ள போறப்போ செருப்பைக் கழட்டிடுங்க.”

மூங்கில் காடு. காலெல்லாம் அட்டை. மருதையனுக்கு மூச்சு வாங்கியது. அம்மை ஒரு கொடியைத் தொட்டார், ஒரு குரங்குக்குக் கை காட்டினார், மறுபடி வேகமாக நடந்தார்.

“போன தடவையும் இந்த வழியாத்தான் வந்தீங்களா, அம்மா?”

“எந்தத் தடவை? நான் வந்ததே இல்லையே.”

அவன் நின்றுவிட்டான்.

“அப்போ அந்த ஏழு வாசல்?”

“என் குரு சொன்னது.”

“அவர் பார்த்தாரா?”

“கேக்கணும்னு தோணலைடா. சீக்கிரம் நட. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.”

சற்று நேரத்தில் மரங்களுக்கு மேலே கற்கள் தெரிந்தன. வரிசையாக, கை வைத்து அடுக்கிய கற்கள்.

“சுவரு! மருதையா, சுவருடா!”

அம்மை ஓடினார். பாசியில் கால் வழுக்கியது.

கணுக்கால் பொசுக்கென்று வீங்கிவிட்டது. இன்னும் ஏற வேண்டியது செங்குத்தான பாறை. வேர்களைப் பிடித்துத்தான் ஏற முடியும்.

“நீ போய்ப் பாத்துட்டு வா.”

“உங்களை விட்டுட்டா? கால் சரியானதும் ரெண்டு பேருமா வரலாம்.”

அம்மை ஒரு கூழாங்கல்லை எடுத்து அவன் காலடியில் எறிந்தார். அவன் நகரவில்லை. அடுத்த கல் முழங்காலில் பட்டது.

அவன் ஏறினான்.

வெயில் சாயும் நேரத்தில் இறங்கி வந்தான். தலையெல்லாம் சருகு. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

அம்மை ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏழு வாசலும் இருக்கா?”

மருதையன் அவர் காலடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாய்வரை வந்துவிட்டது.

“இல்லைம்மா.”

“எத்தனை இருக்கு?”

“வாசலே இல்லை. நாம பாத்தது கோட்டைச் சுவரும் இல்லை. மேட்டு மண்ணு சரியாம இருக்கக் கட்டின கல்லு.”

“சிம்மாசனம்?”

“தேடிப் பாத்தேன். அரண்மனையே இல்லை.”

அவனுக்கு அழுகை வந்தது.

“அப்போ என்னதான்டா இருக்கு?”

“வீடுங்க. வட்ட வட்டமா. கூரை இல்லை, உள்ளே மரம் வளந்திருக்கு. எல்லாம் ஒரே அளவு. பெரிய வீடுன்னு ஒண்ணுகூடக் கிடையாது.”

“அப்புறம்?”

“ஒரு வாய்க்கால். கல்லுல செதுக்கினது. உச்சியில ஊத்து இருக்கு. தண்ணி இன்னும் ஓடுதும்மா!”

“இன்னுமா?”

“ஓடுது! ஒரு இலையைப் போட்டேன். அது முதல் வீட்டு வாசப்படியைத் தொட்டுட்டுத் திரும்புச்சு. அடுத்த வீடு. அதுக்கடுத்த வீடு. நானும் பின்னாடியே ஓடினேன்.”

அவன் எழுந்துவிட்டான். கையால் வளைவுகளைக் காட்டினான்.

“ஒரு வீட்டையும் விடலைம்மா அந்த வாய்க்கால்! இப்படிப் போகுது, இப்படித் திரும்புது. நான் விழுந்தேன், எந்திரிச்சேன், சிரிச்சுக்கிட்டே ஓடினேன். கடைசி வீட்டுக்கும் போயிட்டுத்தான் குளத்துல விழுது. மறுபடி மேல ஏறிப் போய் இன்னொரு இலையைப் போட்டேன்!”

மூச்சு வாங்கச் சட்டென்று நிறுத்தினான். குருவின் முன்னால் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

செங்கமலத்தம்மை வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து மெல்ல இறங்கினார். அவன் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அந்த இலையிலேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார்.