தேசம்மா கேட்ட மண்ணு

ஒரு ஊர்ல ஒரு துறைமுகம் இருந்துச்சாம். ம் கொட்டணும், சொல்லிட்டேன். கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அதுக்குத் தெக்கால ஒரு கடற்கரை, வடக்கால ஒரு கடற்கரை. நடுவுல கடலுக்குள்ள நீட்டமா ஒரு கல்லுச் சுவரு. தெக்கால இருந்து வர்ற மண்ணு அதுல முட்டி அங்கியே நின்னுடும். அதனால தெக்கால கரை அகலமாயிட்டே போச்சு. பஜ்ஜிக் கடை, பலூன், குதிரை சவாரின்னு ஒரே கொண்டாட்டம். மண்ணு வராத வடக்கால கரையைக் கடலு சளக் சளக்னு தின்னுக்கிட்டே வந்துச்சு.

அந்த வடக்கால தேசம்மான்னு ஒருத்தி. கருவாடு விக்கிறவ. அவ வாயைத் தொறந்தா தெருவே திரும்பிப் பாக்கும். ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா, கருவாடு காய வைக்க இடமில்ல, படகு ஏத்த இடமில்ல, அலை வாசப்படியில நிக்குது. "கடலுக்கு ரொம்பத் தள்ளி வீடு தர்றோம், காலி பண்ணுங்க"ன்னு சர்க்காரு ஆளுங்க வந்துட்டாங்க.

"கடலு இல்லாத ஊருல நாங்க இன்னா பண்றது? நான் வரல"ன்னுட்டா.

அப்புறம் கூடையை எடுத்தா, பஸ் ஏறித் தெக்கால போனா, மண்ணை அள்ளியாந்து கொட்டினா. சளக்! ஒரே அலை. போச்சு.

அப்புறம் மறுநாள் தெருப் பொம்பளைங்க எல்லாரும் கூடையோட போனாங்க. "இது பஸ்ஸா, மண்ணு லாரியா?"ன்னு கண்டக்டர் கத்தினாரு. கொட்டினாங்க. சளக், சளக், சளக்! அதுவும் போச்சு. தேசம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போதான் பாக்குறா, துறைமுகத்து வாயில ஒரு கப்பல் பெரிய குழாய் வச்சு கடகடகடன்னு அடி மண்ணை உறிஞ்சுது. மூணாம் நாள் எல்லாரையும் கூட்டிக்கிட்டு அங்கியே போயி, துறைமுகத்து அதிகாரியைப் பிடிச்சிட்டா.

"சார், அந்த மண்ணை இன்னா பண்றீங்க?"

"வேண்டாத மண்ணும்மா. நடுக்கடல்ல கொட்டிடுவோம்."

"எங்களுக்கு வேணும்."

அதிகாரி சிரிச்சாரு. "எடுத்துக்கோ, எவ்ளோ வேணுமோ."

அவ்ளோதான்! கல்லுச் சுவரு மேல, கப்பலை ஒட்டிப் பொம்பளைங்க வரிசை கட்டிட்டாங்க. ஒரு கூடை, ரெண்டு கூடை, நூறு கூடை. கப்பலு நகர முடியல. வெளிய நிலக்கரிக் கப்பல் ஒண்ணு உள்ள வர முடியாம நின்னு சங்கு ஊதுது, பூம்ம்ம்!

"இன்னும் எத்தினி கூடைம்மா?"

"மண்ணு தீர்ற வரைக்கும் சார். நீங்கதான எடுத்துக்கச் சொன்னீங்க?"

பூம்ம்ம்! பூம்ம்ம்!

அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டுது. "யாருப்பா அங்க! குழாயை வடக்கால திருப்புய்யா!"

அப்புறம் ப்ளொச்! ப்ளொச்! கரை வளருது, வளருது. படகு ஏறுச்சு. கருவாடு காஞ்சுது. ஒரு வீடும் காலியாகல.

"அந்தக் கப்பலு இப்பவும் வருமா?"

வருஷா வருஷம் வரும். வரலன்னா கூடை இருக்கே!

"நிஜமாவா பெரிம்மா?"

காலைக் கழுவாம படுத்திருக்கியே, பாயெல்லாம் நெறநெறன்னு இல்ல? அந்த மண்ணுதான். தட்டிடாத, இருக்கட்டும். படகு கரை ஏறிடுச்சு, கதையும் கரை ஏறிடுச்சு. கண்ணை மூடு.