பூக்கள் நடையை விட்ட நாள்

அந்தக் காலத்தில் பூக்களுக்குப் பேசவும் தெரியும், நடக்கவும் தெரியும். பள்ளத்தாக்கில் குடியிருந்த பூக்கள் கோடை வந்தால் விடிந்ததும் வேரை மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறும். உச்சிக்குக் கீழே, பனி உறைந்து ஆறு போலப் படுத்திருக்கும் இடம் வரை போகும். வெயில் காய்ந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும். இருட்டினால் அங்கே குளிர் கொன்றுவிடும்.

நீலி என்ற நீலப்பூவுக்கு இந்தப் பயணமே பிடிக்காது. ஆனால் அவளுடைய ஒரே மகள் சிட்டு தினமும் நச்சரித்ததால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழிநெடுக, கல்லைப் பார், காற்றைப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இப்படிக் கவலைப்பட்டா உன் இதழெல்லாம் நரைச்சுப் போயிரும் மதினி," என்றாள் கூட வந்த செம்பா.

"உனக்கென்ன, ஒன்பது பிள்ளைங்க. ஒண்ணு உருண்டு விழுந்தாலும் உனக்குத் தெரியப்போறதில்ல."

மேலே மேகம் புல்லைத் தடவியபடி போனது. பனிக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசிந்தது. விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்றே தெரியாத இடம். கூட்டத்தில் மகள் தொலைந்துவிடுவாளோ என்று நீலி பயந்தாள். பனி உருகி ஓடும் ஓரமாக, ஈர மண்ணில் அவளை உட்கார வைத்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் இங்கருந்து அசையக் கூடாது."

பிறகு பக்கத்துப் பாறையில் சாய்ந்தவள், வெயிலின் இதத்தில் தன்னை அறியாமல் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. மற்ற பூக்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.

"எழுந்திரு சிட்டு."

"முடியலம்மா. கால் மண்ணுக்குள்ள போயிருச்சு."

ஈர மண்ணில் அசையாமல் இருந்தால் பூவுக்கு வேர் இறங்கிவிடும். மகள் தொலையக் கூடாது என்ற பதற்றத்தில் நீலி அதை மறந்திருந்தாள். இழுத்துப் பார்த்தாள். சிட்டு வலியில் அழுதாள். இன்னும் இழுத்தால் வேர் அறுந்துவிடும்.

நீலி பனியிடம் போய் நின்றாள். "எம்பிள்ளையை விட்டுரு."

பனி மெதுவாகத்தான் பேசும். "நான் பிடிச்சு வைக்கலியே. அவதான் என் தண்ணியைக் குடிச்சுட்டு இருக்கா."

"அப்ப இன்னைக்கு ஒரு நாள் குளிராம இரு."

"குளிராம இருக்க எனக்குத் தெரியாதும்மா." பனி வெகுநேரம் யோசித்தது. "போர்த்திவிடத் தெரியும். உள்ள இருந்தா குளிர் கொல்லாது. ஆனா போர்த்தினா, மறுகோடையிலதான் எடுப்பேன்."

"மதினி, இருட்டுது. நீயாவது வா," என்று கீழேயிருந்து செம்பா கூப்பிட்டாள்.

நீலி மடித்துக் கட்டிய வேரை அவிழ்த்தாள். மகளை ஒட்டி ஈர மண்ணில் காலை ஊன்றினாள். காற்று சிட்டுவின் மேல் படாதபடி தரையோடு தரையாகக் குனிந்துகொண்டாள். இருவர் மேலும் பனி மெல்லப் பொழிந்து மூடியது.

மறுகோடையில் ஏறி வந்த செம்பா, அவர்கள் இருவரும் குள்ளமாக, முன்னைவிடப் பளிச்சென்ற நிறத்தில் மலர்ந்திருப்பதைப் பார்த்தாள். வெகுநேரம் நின்று பார்த்தவள், ஒன்பது பிள்ளைகளையும் கூப்பிட்டு, தானும் அங்கேயே காலை ஊன்றினாள். பின்னால் வந்தவர்களும் ஊன்றினார்கள்.

பூக்கள் நடையை விட்டது அன்று முதல்தான். பனி போர்வையை விலக்கும் சில வாரங்கள் மட்டும் அந்த மலைப்பூக்கள் மண்ணோடு ஒட்டி மலர்கின்றன. கீழே இறங்கி வருவதில்லை. பார்க்க ஆசைப்பட்டால் நாம்தான் விடிந்ததும் ஏறிப் போய், பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது.