திரையில் முந்நூறு வடை

கொட்டாம்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது, அதை யாரும் செலவு செய்ததில்லை. அந்த ஊர்க் கல்யாண மண்டபத்தை அங்கண்ணன், செவந்தியப்பன், பூவலிங்கம் என்ற மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் இளையவனான பூவலிங்கத்துக்கு ஊர் ஊராகப் பெண் கேட்டு அலுத்து, கடைசியில் ஓரிடத்தில் சரியென்றார்கள். பெண்ணின் தாய்மாமன் மட்டும் கறாராகச் சொன்னார்.

"காலைப் பலகாரத்துல இலைக்கு ஒரு வடை விழோணும். ஒரு இலை தப்பினாலும் தாலி கட்டறதுக்கு முன்னாலயே பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவோம்."

பயந்துபோன பூவலிங்கம், மண்டபத்துக் கம்ப்யூட்டருக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தந்த நவமணியைக் கூட்டிவந்தான். அவள் திரையில் ஒரு பெட்டியைக் காட்டினாள்.

"இந்தப் பெட்டியை வடை எண்ணிக்கையோட இணைச்சிருக்கேங்க. அது மாறினா இது தானா மாறும். இதை மாத்தினா அதுவும் தானா மாறும்."

பெட்டியில் முந்நூறு என்று அடித்துவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் முந்நூறு வடையும் சுடச்சுட அண்டாவுக்கு வந்தன. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது என்றார் அங்கண்ணன். ஒரு வடையைத் தின்றுவிட்டுக் கேட்டார்.

"குறைஞ்சுதா?"

"முந்நூறேதானுங்க," என்றார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செவந்தியப்பன். "நல்லா மென்னு முழுங்கினீங்களா?"

அங்கண்ணன் இன்னொன்றை நன்றாக மென்று விழுங்கினார். திரை அசையவில்லை. ஒருத்தர் தின்றால் அதற்கு உறைக்காது என்று செவந்தியப்பனும் உட்கார்ந்தார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டான். ஆள் பத்தாமல் மேளகாரர்களையும் கூப்பிட்டார்கள். எல்லோரும் முகத்தைச் சுளிக்காமல் சோதித்தார்கள். அண்டாவின் அடி தெரிந்தபோதும் திரையில் முந்நூறுதான்.

அந்த நேரம் பார்த்துப் பந்தியில் தாய்மாமன் வந்து உட்கார்ந்தார். பூவலிங்கம் தேம்பித் தேம்பி அழுதான்.

"அழுகாதே," என்றார் அங்கண்ணன். "திரையில எத்தனை?"

"முந்நூறுங்க."

"அண்டாவுல?"

"ஒண்ணுமில்லீங்க."

"ரெண்டும் இணைஞ்சதுன்னு படிச்ச புள்ள சொல்லுச்சில்ல? அப்ப அண்டாதான் பொய் சொல்லுது."

பூவலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரைச் சாம்பார் வண்டியில் ஏற்றி, நீள வயர் இழுத்து, பந்திக்குத் தள்ளிவந்தார்கள். ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் திரையைக் காட்டி, செவந்தியப்பன் பெட்டியில் ஒவ்வொன்றாகக் குறைத்தார். எண் இறங்க இறங்க எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது.

தாய்மாமன் திரையை ஏற இறங்கப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். மணமேடையில் பெண் பாதி எழுந்துவிட்டாள்.

"என்னது இது?"

"வடைங்க," என்றான் பூவலிங்கம்.

"அது தெரியுது. உளுந்து வடையா, பருப்பு வடையா? எனக்கு உளுந்து ஆகாது."

பூவலிங்கம் அவசரமாகப் பெட்டிக்குப் பக்கத்தில் பருப்பு என்று அடித்தான். மாமன் முகம் மலர்ந்தது. பெண்ணை மேடையிலேயே இருக்கச் சொன்னார். தாலியும் நல்லபடியாக ஏறியது.

கை கழுவிவிட்டு வந்த மாமன் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வடை பிரமாதம் மாப்பிள்ளை. எண்ணெயை மட்டும் இன்னும் கொஞ்சம் வடிச்சிருக்கலாம்."

பூவலிங்கம் வெட்கப்பட்டுத் தோள் துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தான்.