வழக்காட வந்த சந்நியாசி

மாறநல்லூர் அரண்மனைக்குள்ளிருந்து பலத்த சிரிப்புச் சத்தம் கேட்டால், வெளியே நிற்கும் காவல்காரர்கள் "திருமேனி வாயைத் திறந்துவிட்டார்" என்று பேசிக்கொள்வார்கள். அரசர் இளவழுதியின் சபையில் திருமேனிக்கு இன்ன வேலை என்று கிடையாது. யாராலும் அவிழ்க்க முடியாத சிக்கலெல்லாம் கடைசியில் அவர் மடியில் வந்து விழும். அப்படி விழுந்ததுதான் இந்தச் சாமியார் விவகாரம்.

ஊருக்கு வடக்கே குயிலாயி என்ற விதவைக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால், பக்கத்து நிலத்துக்காரர் சடையப்பரின் வயலைக் கடந்து அவளுடைய கொடிக்காலுக்குப் பாயும். அந்தக் கோடையில் சடையப்பர் மண்ணைக் கொட்டி வாய்க்காலை அடைத்துவிட்டார். குயிலாயி போய்க் கேட்டதற்கு, தன் பாட்டனார் தங்கள் குடும்பத்துக்கு மட்டும் வெட்டிய வாய்க்கால் அது, அவளுக்கு அதில் பாத்தியதை இல்லை என்றார்.

கொடிகள் வாடத் தொடங்கின. குயிலாயி ஊரிலுள்ள வழக்குரைஞர் வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கினாள். ஒருவரும் அசையவில்லை. சடையப்பர் வேறு யாருமில்லை, தலைமை வழக்குரைஞர் வன்னியநாதரின் மைத்துனர். அவரைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்கள்?

மடத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பரிபூரண அடிகள் பார்த்தார். காவி கட்டுவதற்கு முன் நீதிநூல்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். விஷயத்தைக் கேட்டதும், "அழாதே அம்மா, உனக்காக நான் பேசுகிறேன்" என்று சொல்லி, அவளையும் அழைத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்துவிட்டார்.

வழக்குரைஞர்கள் கொதித்துப்போனார்கள். சாமியார் மந்திரம் சொல்லட்டும், வழக்குப் பேச அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். அவர் சாபத்துக்குப் பயந்தே தீர்ப்பு மாறிவிடும் என்றும் சொன்னார்கள். மடத்துக்காரர்களோ, அடிகளைத் திருப்பி அனுப்பினால் அரண்மனைப் படியே மிதிக்க மாட்டோம் என்று நின்றார்கள். அரசர் வழக்கை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டுத் திருமேனியைத் தனியே கூப்பிட்டார்.

"நான் உத்தரவு போட்டால் ஏதாவது ஒரு பக்கம் என்னைக் கோபித்துக்கொள்ளும். அதனால் சாமியார் வழக்காடலாம் என்று வன்னியநாதரே தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வைப்பது உன் பொறுப்பு."

"நடக்கிற காரியமா இது, மகாராஜா?"

"நடக்காவிட்டால் நீ மூட்டை கட்டிக்கொண்டு உன் மாமனார் வீட்டுக்குப் போய் இருந்துகொள்."

திருமேனி தன் மாமனாரை நினைத்துப் பார்த்தார். எப்பாடு பட்டாவது நடத்திவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. வன்னியநாதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் வாதம் கூர்மையாகத்தான் இருந்தது. சந்நியாசம் வாங்குகிறவர் தனக்குத் தானே பிண்டம் வைத்துவிட்டுத்தான் வாங்குகிறார். அன்றோடு அவருக்கு வீடில்லை, உறவில்லை, சொத்தில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் செத்தவர். செத்தவர் எப்படி வழக்காட முடியும் என்று கேட்டுவிட்டு, வெற்றிச் சிரிப்போடு சபையைச் சுற்றிப் பார்த்தார்.

குயிலாயியின் முகம் வாடிவிட்டது.

திருமேனி மெல்ல எழுந்தார். "வன்னியநாதர் சொல்வது முழுக்கச் சரி, மகாராஜா. அடிகள் செத்தவர்தான்."

அரசர் திடுக்கிட்டார். வன்னியநாதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று திருமேனி அவர் பக்கம் திரும்பினார். "சாகிற நேரத்தில் ஒருவர் சொன்ன சொல்லை இந்தச் சபையில் யாராவது மறுத்துப் பேசலாமா?"

"கூடாது. போன மழைக்காலத்தில் நானே வாதாடி வாங்கிய தீர்ப்பு அது. சாகப்போகிறவர் பொய் சொல்ல மாட்டார். அதனால் அவர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டும்."

"சாகப்போகிறவருக்கே அவ்வளவு மதிப்பென்றால், செத்து முடித்துவிட்டு வந்து பேசுகிறவருக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்? மகாராஜா, இனி வாதமே வேண்டாம். வாய்க்கால் யாருக்கு என்று அடிகள் ஒரு வார்த்தை சொல்லட்டும். அதையே தீர்ப்பாக எழுதிவிடுவோம். வன்னியநாதர் குறுக்கே பேசக் கூடாது."

அடிகள் வாயைத் திறந்தார்.

"இருங்கள், இருங்கள்" என்று வன்னியநாதர் பதறி முன்னால் வந்தார். "அவர் நன்றாக உயிரோடுதான் இருக்கிறார். எல்லோரையும் போல அவரும் வாதாடட்டும். நானும் பதில் சொல்கிறேன்."

சபையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அடிகளின் வாதம் அவ்வளவு நேரம்கூட எடுக்கவில்லை. அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று சடையப்பரைக் கேட்டார். குயிலாயியின் கொடிக்காலுக்கு நடுவில் என்றார் சடையப்பர்.

"தன் குடும்பத்துக்கு மட்டும் வாய்க்கால் வெட்டியவர், அடுத்தவர் கொடிக்கால் நடுவரை எதற்காக வெட்டினார்?"

சடையப்பர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் மேற்கூரையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது. குயிலாயி அடிகளையும் அரசரையும் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் வருவதைப் பார்க்க ஓட்டமாக ஓடினாள்.

வன்னியநாதர் மட்டும் நகரவில்லை. அரசர் என்னவென்று கேட்டார்.

"மகாராஜா, அடிகள் வழக்காடுவதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் அவர் கூலி வாங்குவதில்லை. ஊர் மொத்தமும் இனி அவரிடம் போய்விட்டால், பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிப் பிழைப்பது?"

அரசர் திருமேனியைப் பார்த்தார்.

"இதற்கா கவலைப்படுகிறீர்கள், ஐயா?" என்றார் திருமேனி. "நீங்களும் காவி கட்டிக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு மடத்துச் சோறு இருக்கிறது, வீட்டுத் தொல்லையும் விட்டுவிடும். தொழிலுக்கும் குறைவில்லை. சாமியார் வழக்காடலாம் என்று இப்போதுதானே நீங்களே சொன்னீர்கள்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நிற்காமலே தன் விரல் மோதிரத்தைக் கழற்றித் திருமேனியின் விரலில் போட்டுவிட்டார்.