பேஷ்கார் பிடித்த கயிறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் காரையாற்றுச் சீமையை மல்லராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று நினைப்பான், மத்தியானம் வேறொன்று நினைப்பான். இரண்டும் சாயங்காலத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பான். அவனுடைய சபையை நடத்தும் பொறுப்பு பேஷ்கார் தில்லைநாயகத்துடையது. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மனசு. மந்திரி ஆதிமூலத்தின் ஆசனத்தில் தாம் உட்கார வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷத்து ஆசை. ஆசனம் காலியாகிற வழியைத்தான் காணோம்.

ஒருநாள் கரிசல்காட்டு வேட்டைக்காரர்கள் ராஜாவுக்கு ஒரு வேட்டைநாயைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். பெயர் சூறை. ஒட்டிய வயிறு, நெட்டைக்கால், கூரான மூஞ்சி. ராஜா பூரித்துப்போனான்.

"அரண்மனைக்கு வந்த பிறகு இது ஏன் ஓட வேண்டும்? ஓடுவதெல்லாம் வேலைக்காரர்கள் பாடு" என்று சொல்லி, பட்டு மெத்தை, வெள்ளிச் சங்கிலி, மூன்று வேளை நெய்ச்சோறு என்று உத்தரவு போட்டான்.

பத்தே நாளில் சூறை மெத்தையைப் பஞ்சு பஞ்சாக்கியது. சிம்மாசனத்தின் ஒரு காலைக் கடித்துக் கரம்பியது. பெண் கேட்டு வந்த அயல்நாட்டுத் தூதரின் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு சபையை மூன்று சுற்றுச் சுற்றியது.

"பைத்தியம் பிடித்த நாய். நாளைக்கே கொன்றுவிடுங்கள்" என்றான் ராஜா.

மந்திரி எழுந்தார். "பைத்தியம் இல்லை, மகாராஜா. பதினைந்து நாள் கொடுங்கள். பௌர்ணமி தர்பார் அன்று, சபை முடிகிறவரை இது அசையாமல் படுத்திருக்கும்."

"படுக்காவிட்டால்?" என்று கேட்டார் பேஷ்கார்.

"நாயின் உயிரோடு என் பதவியும் போகட்டும்."

பேஷ்காருக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்தது போலிருந்தது. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. "மகாராஜா, மந்திரி சோற்றில் அபினியைக் கலந்து நாயைத் தூங்கவைத்துவிடுவார். பதினைந்து நாளும் அதன் கயிறு என் கையில் இருக்கட்டும். சாப்பாடும் நானே போடுகிறேன்."

மந்திரியின் முகம் வாடிவிட்டது. "பேஷ்கார் ஐயா, அது மட்டும் வேண்டாம். உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?"

அவர் கெஞ்சக் கெஞ்ச, பேஷ்காருக்குப் பிடிவாதம் ஏறியது. ராஜாவும் சம்மதித்தான். கடைசியில் மந்திரி ஈனசுரத்தில் கேட்டது ஒன்றுதான்: "விடியற்காலையில் ஒரு தடவை கோட்டைக்கு வெளியே கூட்டிப்போங்கள். கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்."

"நானாவது விடுவதாவது" என்றார் பேஷ்கார்.

மறுநாள் காலையில் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கோட்டை வாசலைத் தாண்டினார். எதிரே ஒரு முயல். அப்புறம் நடந்தது அவருக்கே சரியாக ஞாபகமில்லை. கம்பங்காடு வந்தது, ஓடை வந்தது, ஏரிக்கரை வந்தது. திரும்பி வரும்போது ஒரு காலில் செருப்பு இல்லை, தலையில் முண்டாசு இல்லை. வாசலில் மந்திரி மோர்ச் செம்போடு நின்றிருந்தார்.

"கயிற்றை விட்டுவிட்டீர்களோ?"

"போய் வேலையைப் பாருமய்யா."

மூன்றாம் நாள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு போனார். ஓடிவந்த இரைப்பு அடங்கிய பிறகுதான் தண்ணீர் வைக்க வேண்டும், நெய்ச்சோற்றைவிடக் கம்பங்கூழும் மோரும்தான் அதற்கு ஒத்துக்கொள்கிறது என்றெல்லாம் தாமாகவே தெரிந்துகொண்டார். ஐந்தாம் நாள் சூறை நொண்டியது. ஏரிக்கரையில் உட்கார்ந்து, அதன் காலை மடியில் வைத்து, முள்வாங்கியால் கருவேல முள்ளை எடுத்தார். அது அவர் கன்னத்தை நக்கியது. காரியம் எதுவும் ஆக வேண்டியிராமல் அவரிடம் இவ்வளவு நெருங்கி வந்த ஜீவன் அதுதான். பேஷ்கார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒன்பதாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. ஓடிவிட்டு வந்தால் நாய் கூழைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்து, வெயில் தாழும் வரை எழுந்திருப்பதே இல்லை; எழுந்ததும் மறுபடி கயிற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அடப்பாவி மந்திரி, அபினி நான்தானா என்று பல்லைக் கடித்தார்.

பௌர்ணமி தர்பார் நாளும் விடிந்தது. பேஷ்கார் கட்டிலைவிட்டு எழவில்லை. இன்றைக்கு ஒரு நாள் ஓடாவிட்டால் போதும், பத்து வருஷத்து ஆசை மத்தியானத்துக்குள் பலித்துவிடும். சூறை கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து வந்து நின்றது. வாலை ஆட்டியது. தன் கழுத்துக்குக் கத்தி காத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

"சனியனே" என்று எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

கோட்டை வாசலில் மந்திரி வெளிறிப்போய் நின்றிருந்தார். வழக்கமான நேரம் தாண்டியிருந்தது. பேஷ்கார் வருவதைப் பார்த்ததும் கும்பிட்டார். பேஷ்கார் பதிலுக்குக் கும்பிடவில்லை. கும்பிட நாய் விடவில்லை.

தர்பார் கூடியது. தப்பட்டை ஒலித்தது, புலவர்கள் பாடினார்கள், தூதர் புதுத் தலைப்பாகையோடு வந்தார். சூறை காதைக்கூட அசைக்கவில்லை. அப்போது சபையில் பெரிய குறட்டைச் சத்தம் கேட்டது. பார்த்தால், நாயின் முதுகில் தலை சாய்த்துப் பேஷ்காரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மந்திரி, இதென்ன? இரண்டையும் சேர்த்தா படுக்கவைத்தீர்?" என்று ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான் ஒன்றுமே செய்யவில்லை, மகாராஜா. ஓடப் பிறந்ததை ஓடவிட்டால் அடங்கும். ஓட்டியவர் பேஷ்கார். நான் வேண்டாம் வேண்டாம் என்றுதான் கெஞ்சினேன்."

சபை கொல்லென்று சிரித்தது. விழித்துக்கொண்ட பேஷ்காருக்கு முகமெல்லாம் சிவந்தது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். குஷி தலைக்கேறவே, "இந்தச் சாது நாய்க்கு இனி நாலு வேளை நெய்ச்சோறு. மெத்தையைவிட்டு இறக்கவே கூடாது" என்றான்.

"கூடாது" என்றது ஒரு குரல்.

சபை திகைத்துப்போயிற்று. ராஜாவை மறுத்துப் பேசியறியாத பேஷ்கார் எழுந்து நின்றார். "மன்னிக்க வேண்டும், மகாராஜா. அது நாளைக்கும் ஓட வேண்டும். மறுநாளும் ஓட வேண்டும்."

ராஜா முறைத்தான். பிறகு அவனுக்கு அதுவும் பிடித்துப்போயிற்று. "பலே. என்னை மறுத்துச் சொல்லவும் சபையில் ஓர் ஆள் இருக்கிறாரே. மந்திரிக்குச் சமமாக உமக்கும் ஓர் ஆசனம் போடச் சொல்லட்டுமா?"

பேஷ்கார் கீழே பார்த்தார். சூறை சோம்பல் முறித்து எழுந்து, கயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றது.

"ஆசனம் இருக்கட்டும், மகாராஜா. உட்கார நேரமில்லை. வெயில் தாழ்ந்துவிட்டது, இது கிளம்பிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே பேஷ்கார் வாசலைத் தாண்டிவிட்டார்.