எயினி விழுங்கிய குரல்

அந்தக் காலத்தில் காட்டுக்கு ஒரே பேச்சுதான். மானுக்கு ஒன்று, மந்திக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என்று பேச்சு பிரிந்து போயிருக்கவில்லை. கோபம் வந்தால் அணில்கூட யானையை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மரமேறிக்கொள்ளும். யானையும் காதை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் போகும். புலியும் பேசத்தான் செய்தது. ஆனால் அதோடு பேச்சு வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புலியை யார் முதலில் பார்க்கிறார்களோ, அவர் குரல் கொடுக்க வேண்டும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. மேலேயிருந்து யாரும் இறங்கி வந்து சொல்லிக் கொடுக்கவும் இல்லை. ஒற்றையடிப் பாதையை யாராவது உட்கார்ந்து போடுகிறார்களா என்ன? நடக்க நடக்க அதுவாக விழுகிறது. இதுவும் அப்படி விழுந்ததுதான். குரல் கொடுப்பவருக்கு அதில் லாபம் ஒன்றும் கிடையாது. புலியின் கண் முதலில் அவர் மேல்தான் திரும்பும். ஆனாலும் கொடுத்தார்கள். நேற்று மந்தியின் குரலால் மான் பிழைத்தது, இன்று மானின் குரலால் மந்திக்குட்டி பிழைத்தது. அதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

மந்திக்கு மர உச்சி. மானுக்கு மூக்கு. மனிதர்களுக்கு இரண்டும் கிடையாது; நிமிர்ந்து நிற்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு வேலை இருந்தது. ஆற்றுத்துறையில் மரமே இல்லை, நாணல் மட்டும் அடர்ந்து கிடந்தது. நாலு காலில் நிற்கிற எதற்கும் நாணலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. நிமிர்ந்து நிற்கிறவருக்குத் தெரியும். அதனால் சாயங்காலம் எல்லோரும் தண்ணீருக்கு இறங்கும் நேரத்தில் துறைக்காவல் மனிதர்களுடையது.

அந்த வருஷம் காவலுக்கு நின்றவள் எயினி. பாறைக்குடைவில் புருஷன் காடனோடும் கைக்குழந்தையோடும் இருந்தவள். நல்ல உயரம், நல்ல கண். மான்கள் வந்து துறையில் நின்று, "எயினி, நிக்கிறியா?" என்று கேட்கும். இவள், "நிக்கிறேன்" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் அவை தண்ணீருக்குத் தலையைக் குனியும். தலையைக் குனிந்துவிட்டால் மானுக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. உயிரைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுக் குடிப்பது மாதிரிதான்.

அந்த மான்களில் செவலை என்று ஒருத்தி. எயினி பிள்ளையுண்டாகி இருந்த மழையில்தான் செவலையும் சினையாக இருந்தாள். இரண்டு பேரும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, முதுகுவலியைப் பற்றியும் புருஷன்மாரைப் பற்றியும் பேசாத பேச்சில்லை. செவலை இவளை அக்கா என்பாள். செவலையின் குட்டிக்கு எயினி பெரியம்மா.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மனிதர்களுக்கு ஓடிப் பிடிக்கத் தெரியாது. இறைச்சி வேண்டுமென்றால் புலியின் மிச்சம்தான். புலி தின்றுவிட்டுப் போன பிறகு போய், ஒட்டியிருப்பதைச் சுரண்டி, நல்லி எலும்பைக் கல்லால் உடைத்து உறிஞ்சுவார்கள். புலி வந்தால் கத்துவதும் அவர்கள்தான், புலி விட்டுப்போனதைத் தின்பதும் அவர்கள்தான். வேறெந்தப் பிராணிக்கும் இந்த இரட்டைப் பிழைப்பு கிடையாது. கிழங்கும் பழமும் இருந்த வரைக்கும் அது யாரையும் உறுத்தவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆறு வற்றித் துறையில் மட்டும் ஒரு மடுவாகத் தேங்கி நின்றது. கிழங்கு தோண்டப்போன காடன் வெறும் மண்ணோடு திரும்பி வந்தான். தாகத்தால் எல்லாப் பிராணிகளும் ஒரே இடத்தில் கூடியதால் எல்லாக் கண்ணும் எல்லா மூக்கும் அங்கேதான் இருந்தன. புலி எங்கே தலையை நீட்டினாலும் ஒரு குரல் எழுந்தது. பாவம், அதற்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. மிச்சம் என்று எதுவும் இல்லாமல் போனது.

எயினிக்குப் பால் வற்றியது. குழந்தை முதலில் அழுதது, பிறகு முனகியது, பிறகு அதுவும் இல்லை. கருமுகத்து மந்தி ஒருத்தி அத்திமரத்தில் இருந்தாள். தன் குட்டிக்குப் போக மிஞ்சிய பழத்தில் பாதியை எயினிக்குப் போடுவாள். அந்தப் பாதியில் எயினியின் மார்பு நனையவில்லை.

"புலி பட்டினி கெடந்தா நாமளும் பட்டினிதான் புள்ள" என்றான் காடன் ஒருநாள். எதையும் மனதில் வைத்துக்கொண்டு அவன் சொல்லவில்லை. அலுப்பில் வந்த பேச்சு. சொன்னவன் அப்போதே மறந்துவிட்டான். கேட்டவள் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் குழந்தையைப் பாறைக்குடைவில் கிடத்திவிட்டு எயினி துறைக்கு வந்தாள். செவலை குட்டியோடு வந்து நின்றாள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள்.

"அக்கா, நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"புள்ள எப்படி இருக்கான்?"

"கெடக்கான்."

செவலை அவளை ஒரு கணம் பார்த்தாள். தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எயினி பார்த்தாள். செவலைக்குப் பின்னால் நாணல் காற்றில்லாமல் அசைந்தது. நாணலுக்குள் ஒரு முதுகு தெரிந்தது.

குரல் தானாகத்தான் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து எழும்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும். அந்தக் கணத்தில் அவள் கண்ணுக்குப் புலி தெரியவில்லை. புலி போன பிறகு கிடக்கப்போகும் நல்லி எலும்பு தெரிந்தது. அதைச் சப்புகிற ஒரு சின்ன வாய் தெரிந்தது. இந்த மூச்சு போகட்டும், அடுத்த மூச்சில் கத்திவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த மூச்சு வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு அந்தக் குரலை விழுங்கினாள்.

செவலை கத்தக்கூட இல்லை. குட்டி மட்டும் எப்படியோ கரையேறி ஓடித் தப்பியது. மந்திகள் கத்தின, மான்கள் கத்தின, எல்லாம் முடிந்த பிறகு கத்தி என்ன பிரயோசனம்? புலி செவலையின் கழுத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கி எயினியைப் பார்த்தது.

"நாளைக்கும் நீதானே காவல்?" என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. சொந்தக்காரரை விசாரிப்பது மாதிரி கேட்டுவிட்டுச் செவலையை இழுத்துக்கொண்டு போனது.

விடிந்ததும் எயினி மிச்சம் எடுக்கப் போனாள். போகாமல் இருந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் போனாள். எலும்பை உடைத்து விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினாள். அது கண்ணைத் திறந்து விரலை விடாமல் சப்பியது. காடன் தின்றான், எதையும் கேட்கவில்லை. எயினியும் ஒரு வாய் வைத்தாள். உள்ளே இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றது. எலும்புச் சில்லாக இருக்கும் என்று தண்ணீர் குடித்துப் பார்த்தாள், விரலை விட்டுப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை, ஆனால் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிள்ளைக்குப் பால் வேண்டுமே.

அத்திமரத்து மந்தி அவளைத் தேடி வந்தாள். "நீ பார்க்கலையாடி?"

"நாணல் வளந்து கெடக்குதே அக்கா. தெரியல."

"அதானே பார்த்தேன். கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பியா நீ" என்று சொல்லி, மந்தி அவள் கையில் அத்திப்பழம் வைத்தாள். "நீ என்னடி பண்ணுவ. மனசப் போட்டு வருத்திக்காத."

ஏசியிருந்தால் எயினி தாங்கியிருப்பாள். கல்லால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். இந்த அத்திப்பழத்தைத் தாங்க முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அன்று பகல் முழுக்க மான்கள் துறையில் நாணலை மிதித்துக்கொண்டிருந்தன. கிழடுகளும் குட்டிகளும் சேர்ந்து, அந்த வெயிலில், காய்ந்த வாயோடு நாணலை மிதித்துச் சாய்த்தன. எதற்கு? எயினிக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று. செவலையின் குட்டியும் தன் சின்னக் குளம்பால் மிதித்தது.

சாயங்காலம் எயினி துறையில் வந்து நின்றாள். எல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு எலி ஓடினால்கூடத் தெரியும். செவலையின் குட்டி எல்லோருக்கும் முன்னால் வந்து அவள் காலடியில் நின்றது. அது இதுவரைக்கும் கேட்டதில்லை, அம்மாதான் கேட்பாள். எப்படிக் கேட்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"பெரியம்மா, நிக்கிறியா?"

'நிக்கிறேன்' என்று சொல்லத்தான் எயினி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. நேற்று விழுங்கிய குரல் வந்தது. மலையில் மோதித் திரும்பும் அளவுக்குக் கத்தினாள். மான்கள் சிதறி ஓடின. குட்டி தண்ணீரில் வாய் வைக்காமலே ஓடியது. மந்திகள் எட்டத்து மரங்களுக்கு ஓடி உச்சிக்குத் தாவின. புலி மட்டும் எங்கேயும் இல்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள், நிறுத்த முடியவில்லை.

"எங்கடி புலி?" என்று மந்தி கூவினாள்.

"இல்ல."

"பின்ன எதுக்குக் கத்துற?"

"இது நேத்து கத்த வேண்டியது" என்றாள் எயினி.

காடு அடங்கிப்போனது. மெதுவாக ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நின்றன, ஆனால் எட்டி நின்றன. எயினி எல்லாவற்றையும் சொன்னாள். பால் வற்றியதை, நாணலுக்குள் முதுகைப் பார்த்ததை, வாயை மூடியதை. புலி கேட்ட கேள்வியையும் சொன்னாள். அவளை அடிக்க யாரும் வரவில்லை. குட்டி மட்டும் பின்னால் நகர்ந்து ஒரு கிழட்டு மானின் வயிற்றடியில் ஒண்டிக்கொண்டது.

"உன் புள்ள சாகக் கெடக்குறான்னு எங்ககிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் மந்தி.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்ல மந்திக்கு வராது. "தெரியல. ஏதாவது பண்ணியிருப்போம். ஒண்ணும் முடியாமலும் போயிருக்கலாம். ஆனா நீ கேக்கவே இல்லையே."

மந்தி தன் குட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"உன்மேல கோபம் இல்லடி. நானும் புள்ள பெத்தவதான். ஆனா உன் 'நிக்கிறேன்'ங்கற சொல்ல நம்பி இனிமே யாரு தலையக் குனியறது, சொல்லு?"

மான்கள் திரும்பி நடந்தன. எங்கோ தொலைவில், புழுவும் சேறுமாகக் கிடந்த குட்டையைத் தேடிக்கொண்டு போயின. மந்தி அத்திமரத்தை விட்டு உள்காட்டுக்குப் போனாள். அவர்கள் கடைசியாக மனிதர்களோடு பேசியது அன்றுதான். சொல்லை நம்ப முடியாதவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது?

மழை வந்தது. எயினிக்குப் பால் சுரந்தது, பிள்ளை பிழைத்தான். ஆனாலும் அவள் சாயங்காலமானால் துறைக்குப் போய் நின்றாள். நாணல் திரும்ப வளர்ந்து மூடியது. "நிக்கிறேன், நிக்கிறேன்" என்று குரல் எட்டிய மட்டும் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஒருமுறை தூரத்தில் வளர்ந்த மான் ஒன்று நின்று பார்த்தது. செவலையின் சாயல் இருந்தது. இவள் ஒரு அடி எடுத்து வைத்ததும் அது பாய்ந்து மறைந்தது.

பிள்ளை வளர்ந்தான். இதைச் செய், இதைச் செய்யாதே என்று எயினி அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்க வாய் எங்கே இருக்கிறது அவளுக்கு? ஒருநாள் பக்கத்துக் குடைவுப் பெண்பிள்ளை சுட்ட கிழங்கை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனது. சுற்றிலும் யாரும் இல்லை. இவன் கை நீண்டது. பாதியில் நின்றது. தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்தான்.

"அம்மா, தொண்டையில என்னமோ வந்து நிக்குது. வலிக்குது."

எயினி அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா அது என்னவென்று? அந்தப் பாலில்தானே அவன் வளர்ந்தான். அவனைக் கட்டிக்கொண்டு, செவலை போன அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.

"முழுங்கிடாத கண்ணு" என்றாள். "வந்தா, முழுங்கிடாத. கத்திடு."

அன்று தொட்டுத்தான், யாருமே பார்க்காத இடத்தில்கூட, அடுத்தவருக்கு உரியதன் மேல் கை நீளும்போது மனிதர்களுக்குத் தொண்டையில் ஏதோ வந்து நிற்கிறது. அது செவலைக்குப் போய்ச் சேராத குரல். நாம் காட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மர உச்சியில் மந்தி கத்துகிறதே, அது மந்தி நம்மோடு பேச்சை விட்ட நாள் தொட்டு. புலியைப் பார்த்தால் எந்தக் குரல் கொடுக்குமோ, அந்தக் குரலைத்தான் நமக்கும் கொடுக்கிறது.